மூன்று மஞ்சள் வயர்கள்: ஒரு பழைய டூரிங் பைக்கின் மின்சார வரலாறு

பைக் வரலாறுன்னு சொன்னாலே எல்லாரும் எஞ்சின்ல ஆரம்பிச்சு எஞ்சின்லயே முடிப்பாங்க. எத்தனை சிசி, எத்தனை சிலிண்டர், என்ன டாப் ஸ்பீடு. இன்னைக்கு நாம எஞ்சினை ஓரமா வச்சிட்டு, அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஒரு செப்புக் காயிலைப் பத்திப் பேசப் போறோம். அதோட பேரு ஸ்டேட்டர். அதிலிருந்து மூணு மஞ்சள் வயர் வெளியே வரும். ஹோண்டா கோல்ட் விங் என்கிற உலகப் புகழ்பெற்ற டூரிங் பைக்கோட முதல் பதிமூணு வருஷ வரலாற்றை, இந்த மூணு வயரைப் பிடிச்சுக்கிட்டே சொல்லிடலாம்.

இந்தக் கதை எனக்கு ஏன் பிடிக்கும்னா, இதுல வில்லன் யாரும் கிடையாது. எஞ்சினியர்கள் தப்பாக் கணக்குப் போடல. ஓட்டினவங்களும் வண்டியைக் கெடுக்கல. ஆனாலும், ஒரு லட்சம் மைல் ஓடியும் அசராத எஞ்சின்கள் ஒரு காயில் கருகினதால ஓரங்கட்டப்பட்டன. அது எப்படி நடந்தது? அந்த வண்டிகளை மறுபடி ரோட்டுக்குக் கொண்டு வந்தது யார்?

சைக்கிள் டைனமோவிலிருந்து ஆரம்பிப்போம்

உங்க தாத்தாவோ அப்பாவோ டயர்ல உரசுற டைனமோ வச்ச சைக்கிள் ஓட்டியிருப்பாங்க. வேகமா மிதிச்சா லைட் பளிச்சுன்னு எரியும். மெதுவாப் போனா மங்கும். நின்னா அணைஞ்சே போயிடும். இன்னைய கதைக்குத் தேவையான இயற்பியல்ல பாதி அந்த சைக்கிளிலேயே இருக்கு. காந்தம் சுற்றினால் காயிலில் மின்சாரம் பிறக்கும். எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு மின்சாரம். நமக்கு எப்போது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று அது கேட்பதில்லை.

மோட்டார்சைக்கிள்களின் ஆரம்ப காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை, ஏனென்றால் விளக்குக்கு மின்சாரமே கிடையாது. கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டச் செய்து, அதிலிருந்து வரும் அசிட்டிலீன் வாயுவைக் கொளுத்தித்தான் வெளிச்சம். பிறகு மின்விளக்கு வந்தது. அதற்காக ஒரு சின்ன டைனமோவையும் 6 வோல்ட் பேட்டரியையும் வைத்தார்கள். பிரிட்டிஷ் பைக்குகளில் லூகாஸ் நிறுவனத்தின் டைனமோக்கள் பிரபலம். அவற்றில் பெரியதே 60 வாட்தான். வீட்டில் ஒரு பழைய குண்டு பல்பு எரிக்கிற அளவு. அந்த மின்சாரத்தை நம்பி இரவில் ஓட்டியவர்கள் லூகாஸுக்கு 'இருளின் இளவரசன்' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள்.

1950களில் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. எஞ்சினோடு சேர்ந்து நிரந்தரக் காந்தம் சுற்றும். அதைச் சுற்றி அசையாமல் ஒரு காயில் இருக்கும். தேய்கிற பாகம் எதுவும் இல்லை. கார்பன் பிரஷ் மாற்ற வேண்டிய தொல்லையும் இல்லை. அருமையான யோசனை. ஆனா இதுல ஒரு சிக்கல் கூடவே வந்தது. நிரந்தரக் காந்தத்தை அணைக்க முடியாது. எஞ்சின் ஓடுற வரைக்கும் அது மின்சாரத்தைத் தள்ளிக்கிட்டே இருக்கும். தேவைக்கு மேல வர்றதை என்ன பண்றது?

1960களின் நடுவில் 12 வோல்ட்டுக்கு மாறிய பிரிட்டிஷ் பைக்குகள் இதற்குக் கண்டுபிடித்த வழி ஜீனர் டையோடு. மிச்ச மின்சாரத்தை வெப்பமாக மாற்றி, ஒரு அலுமினியத் தகடு வழியாகக் காற்றில் விட்டுவிடுவது. வீணடிப்பதுதான், ஆனால் வேலை செய்தது. இந்த 'மிச்சத்தை வீணடி' என்கிற யோசனையை மனசுல வச்சுக்கங்க. கொஞ்ச நேரத்துல திரும்ப வரும்.

அதே காலத்தில் வேறு ஒரு பாதையும் இருந்தது. 1969இல் பிஎம்டபிள்யூ கொண்டு வந்த '/5' வரிசை பைக்குகளில், கார்களில் இருப்பது போன்ற ஆல்டர்னேட்டர். இதில் நிரந்தரக் காந்தத்துக்குப் பதில் மின்காந்தம். அதற்குள் போகும் சின்ன மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும், உற்பத்தியே கூடும், குறையும். அதன் திறன் 180 வாட். 1973இல் வந்த '/6' வரிசையில் அது 280 வாட் ஆனது. நான்கே வருஷத்தில் நூறு வாட் கூடியிருக்கிறது. நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு மின்பசி கூடிக்கொண்டே போனதன் முதல் அடையாளம் அது.

பெரிய வண்டி, சின்ன மின்நிலையம்

1974 அக்டோபரில் ஜெர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில் ஹோண்டா ஒரு வண்டியைத் திரை விலக்கிக் காட்டியது. ஜிஎல்1000 கோல்ட் விங். 999 சிசி, எதிரெதிராகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர்கள், தண்ணீரால் குளிரூட்டல், செயினுக்குப் பதில் ஷாஃப்ட். எடை முந்நூறு கிலோவை நெருங்கும். அன்றைக்கு அது ஒரு பைக் மாதிரியே இல்லை, காரிலிருந்து எஞ்சினை எடுத்து இரண்டு சக்கரத்தில் வைத்த மாதிரி இருந்தது.

இதில் ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. இந்த எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் வண்டியின் நீளவாக்கில் சுற்றுகிறது. அப்படி இருந்தால், நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது வண்டியே ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும். பிஎம்டபிள்யூ ஓட்டியவர்களுக்கு இது பழக்கம். ஹோண்டா எஞ்சினியர்கள் அதற்கு ஒரு வழி செய்தார்கள். கனமான ஆல்டர்னேட்டர் ரோட்டரை எஞ்சினின் பின்பக்கத்தில் வைத்து, கிராங்குக்கு எதிர்த்திசையில் சுற்ற வைத்தார்கள். இந்தப் பக்கம் இழுக்கும் விசையை அந்தப் பக்கம் இழுக்கும் விசை சமன் செய்துவிடும். ஒரே பாகம், இரண்டு வேலை: மின்சாரமும் கொடுக்கும், வண்டியையும் ஆடாமல் வைக்கும்.

அழகான பொறியியல். ஆனா அந்த அழகுக்கு ஒரு விலை இருந்தது. ரோட்டரும் ஸ்டேட்டரும் எஞ்சினின் பின் மூடிக்குள், சட்டகத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டன. அதைத் தொட வேண்டுமென்றால் மொத்த எஞ்சினையும் வண்டியிலிருந்து இறக்க வேண்டும்.

1974இல் இதைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஏனென்றால் உற்பத்தித் திறன் 300 வாட். ஒரு ஹெட்லைட், ஒரு டெயில் லைட், நான்கு இண்டிகேட்டர், இக்னிஷன், செல்ஃப் ஸ்டார்ட்டில் செலவானதை பேட்டரிக்குத் திருப்பித் தருவது: இவ்வளவுக்கும் 300 வாட் தாராளம். முதல் கோல்ட் விங்கில் முன்பக்கக் காற்றுத் தடுப்பே கிடையாது. ரேடியோவும் கிடையாது. வெறும் பைக்.

ஓட்டியவர்கள் வேறு வண்டியைக் கண்டுபிடித்தார்கள்

இங்கேதான் கதை திரும்புது. ஹோண்டா அதை ஒரு பெரிய, வேகமான பைக்காகத்தான் யோசித்தது. அமெரிக்கர்கள் அதில் வீட்டைப் பார்த்தார்கள்.

கிரெய்க் வெட்டர் என்கிற வடிவமைப்பாளர் 1971இலேயே 'விண்ட்ஜாமர்' என்ற பெரிய ஃபேரிங்கை விற்க ஆரம்பித்திருந்தார். எந்தப் பைக்கிலும் மாட்டிக்கொள்ளலாம். மழையும் குளிர்காற்றும் நேராக நெஞ்சில் அடிக்காது. கோல்ட் விங் வந்ததும் ஆளுக்கொரு ஃபேரிங், பெட்டிகள், முதுகு சாயும் சீட் என்று மாட்ட ஆரம்பித்தார்கள். 1977இல் கோல்ட் விங் ஓட்டுகிறவர்களுக்கென்றே ஒரு சங்கம் பிறந்தது. கணவன், மனைவி, கூடாரம், சமையல் சாமான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போய்ச் சந்திப்பார்கள்.

ஃபேரிங்னு ஒண்ணு வந்தா அதுல எதையாவது மாட்டத் தோணும், இல்லையா? முதல்ல ரேடியோ. அப்புறம் சிபி ரேடியோ. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, எந்த பங்கில் பெட்ரோல் இருக்கிறது, எங்கே போலீஸ் நிற்கிறது என்று லாரி ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளப் பயன்படுத்திய வயர்லெஸ் அது. சில வருஷங்களில் அமெரிக்கா முழுக்க அந்த மோகம் பரவியது. பிறகு இரண்டு கூடுதல் ஹாலோஜன் விளக்குகள். பிறகு பெட்டிகளைச் சுற்றி அலங்கார விளக்குகள். பிறகு மின்சாரத்தில் சூடாகும் ஜாக்கெட், கையுறை.

சட்டமும் தன் பங்குக்குச் சுமையைக் கூட்டியது. 1978 முதல் தயாரான பைக்குகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்றது கலிஃபோர்னியா. நம்ம நாட்டுல 2017 ஏப்ரல்ல வந்த அதே விதிதான். எதிரே வர்றவங்களுக்கு பைக் கண்ணில் படணும் என்பது நியாயமான காரணம். ஆனால் மின்சாரக் கணக்கில் பார்த்தால், இரவில் மட்டும் இருந்த ஒரு செலவு இப்போது பகலிலும் வந்துவிட்டது.

நிறுவனமும் பின்தொடர்ந்தது. 1980இல் ஜிஎல்1100. அதன் இண்டர்ஸ்டேட் மாடலில் தொழிற்சாலையே ஃபேரிங்கும் பெட்டிகளும் பொருத்திக் கொடுத்தது. அதே ஆண்டு மே மாதம் ஒஹாயோ மாநிலத்தின் மேரிஸ்வில் ஆலையிலேயே இந்த வண்டிகளைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். 1982இல் ஆஸ்பென்கேட்: ஸ்டீரியோ, சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்க வண்டியிலேயே கம்ப்ரஸர். வண்டி வளர்ந்துகொண்டே போனது. உள்ளே இருந்த மின்நிலையம் மட்டும் அதே 300 வாட்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எல்லாம் தோராயம்தான். ஹெட்லைட் 55. கூடுதல் ஹாலோஜன் இரண்டும் சேர்த்து 110. சூடாகும் ஜாக்கெட் 75. ரேடியோவும் சிபியும் 20. இக்னிஷன், டெயில் லைட், மீட்டர் விளக்குகள் என்று ஒரு 80. மொத்தம் 340. கையில் இருப்பது 300. அதுவும் எஞ்சின் 5,000 சுற்றில் ஓடும்போதுதான் 300. ஒரு ஊர்வலத்தில் எல்லா விளக்கும் எரிய, ரேடியேட்டர் ஃபேன் சுற்ற, பிரேக் பிடித்தபடி ஊர்ந்து போனால் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். மீதியை பேட்டரி கொடுக்கும். பேட்டரி எவ்வளவு நேரம் கொடுக்கும்? வண்டி நின்ற பிறகுதான் அது தெரியும். பெரும்பாலும் அப்போது இருட்டியிருக்கும். பக்கத்து ஊர் வெகு தூரத்தில் இருக்கும்.

பிளக் ஏன் உருகியது?

பற்றாக்குறை ஒரு பிரச்சினை. கருகுவது இன்னொரு பிரச்சினை. இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அடுக்குமாடி வீடுகள்ல மொட்டை மாடித் தொட்டி இருக்கும்ல? மோட்டாருக்கு சுவிட்சே இல்லைன்னு வச்சுக்கங்க. தொட்டி நிரம்பினாலும் தண்ணி ஏறிக்கிட்டே இருக்கும், ஓவர்ஃப்ளோ குழாய் வழியா வழிஞ்சுக்கிட்டே இருக்கும். மோட்டாருக்கு ஓய்வே கிடையாது. பழைய கோல்ட் விங்கின் ரெகுலேட்டர் வேலை செய்தது இப்படித்தான். பேட்டரி நிரம்பிவிட்டால் மிச்ச மின்சாரத்தை ஸ்டேட்டரின் வயர்களுக்கே குறுக்கிணைப்பாகத் திருப்பிவிடும். இதற்கு ஷன்ட் முறை என்று பெயர். ஜீனர் டையோடின் தம்பி.

இதனால் ஒரு விசித்திரமான விளைவு. நீங்கள் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஓட்டினாலும் ஸ்டேட்டருக்கு ஓய்வில்லை. விளக்குக்குப் போகாத மின்னோட்டம் ரெகுலேட்டர் வழியாகச் சுற்றி ஸ்டேட்டருக்கே வரும். அதாவது, எஞ்சின் ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் காயில் முழு வேலையில்தான் இருக்கிறது. எஞ்சினின் சூடான எண்ணெய்க்கு நடுவில், பல வருஷம்.

அந்த முழு மின்னோட்டமும் கடந்து போகிற இடம் அந்த மூன்று மஞ்சள் வயர்கள். அவற்றை ரெகுலேட்டரோடு இணைக்க ஒரு பிளாஸ்டிக் பிளக். புதிதில் ஒன்றும் ஆகாது. பத்து வருஷ மழை, தூசி, அதிர்வுக்குப் பிறகு அதன் பித்தளை முனைகளில் களிம்பு ஏறும், மின்தடை கூடும். தடை எவ்வளவு? வெறும் 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 ஆம்ப் ஓடினால் 40 வாட் வெப்பம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். ஒரு சால்டரிங் அயர்னை விடச் சூடான பொருளை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடினால் என்ன ஆகும்? உருகும். ஒரு முனை உருகி இணைப்பு விட்டால், மூன்று வயர் சுமந்ததை இரண்டு வயர் சுமக்கும். அதன் பிறகு ஸ்டேட்டர் கருக ஆரம்பிக்கும்.

1984இல் வந்த ஜிஎல்1200இல் திறனை 360 வாட்டாக உயர்த்தினார்கள். 1985இல் பெட்ரோலை மின்னணு ஊசி முறையில் செலுத்தும் சிறப்பு மாடலுக்கு 500 வாட். ஆனால் வடிவம் அதேதான்: நிரந்தரக் காந்தம், ஷன்ட் ரெகுலேட்டர், பின் மூடிக்குள் புதைந்த ஸ்டேட்டர், பிளக். திறன் கூடினால் வயரில் ஓடும் ஆம்பும் கூடும். அதனால் மஞ்சள் வயர்ப் பிரச்சினை அதிகம் பேசப்பட்டது ஜிஎல்1200இல்தான்.

ஏழைப் பையனின் தீர்வு

முதல் தீர்வு ரொம்ப எளிமை. பிளக்கை வெட்டித் தூக்கி எறி. மூன்று வயர்களையும் நேரடியாக முறுக்கி, ஈயம் வைத்து, உறை போட்டு மூடு. செலவு ஒன்றுமில்லை, அரை மணி நேர வேலை. கோல்ட் விங் ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே இது பரவியது. பழைய வண்டி வாங்கினால் முதல் வேலை இதுதான் என்பது அவர்களிடையே ஒரு சடங்கு மாதிரியே ஆகிவிட்டது.

ஆனா ஏற்கெனவே கருகிட்டா? அப்போது எஞ்சினை இறக்கித்தான் ஆகணும். காலம் போகப் போக இதில் ஒரு பொருளாதாரச் சிக்கல் வந்தது. பத்து, பதினைந்து வருஷப் பழைய வண்டியின் சந்தை விலை இறங்கிக்கொண்டே வந்தது. எஞ்சினை இறக்கி ஏற்றும் கூலி இறங்கவில்லை. ஒரு கட்டத்தில் கூலி வண்டியின் விலையையே எட்டிப் பிடித்தது. அப்படி ஆனால் யாரும் பழுது பார்க்க மாட்டார்கள். எஞ்சின் நன்றாக ஓடும். பிரேக் நன்றாக இருக்கும். ஒரு காயிலுக்காக மொத்த வண்டியும் பாகங்களுக்காகப் பிரிக்கப்படும்.

அப்போதுதான் சில ஓட்டுநர்கள் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். உள்ளே இருப்பதை ஏன் தொட வேண்டும்? எஞ்சினின் முன்பக்கத்தில் கிராங்க் ஷாஃப்டின் முனை கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கிறது? அதில் ஒரு புல்லியை மாட்டு. பக்கத்தில் ஒரு தாங்கி செய். சிறிய ஜப்பானியக் கார்களிலும் குட்டி டிராக்டர்களிலும் வருகிற ஆல்டர்னேட்டரை அதில் பொருத்து. ஒரு பெல்ட் போடு. செத்துப்போன ஸ்டேட்டரின் மூன்று மஞ்சள் வயர்களையும் துண்டித்து, முனைகளை மூடி, அதை உள்ளேயே தூங்க விடு.

இந்த மாற்றத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'பூர் பாய்'. ஏழைப் பையன். எஞ்சினை இறக்கக் காசில்லாதவனின் வழி என்று அர்த்தம். பெயர்தான் ஏழை. கிடைத்தது என்னவோ வசதி. 40 ஆம்ப் ஆல்டர்னேட்டர் என்றால் 14 வோல்ட்டில் 560 வாட். பழையதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதுவும் மின்காந்தம் வைத்தது, அதனால் தேவையான அளவுக்கு மட்டுமே உழைக்கும். மொட்டை மாடி மோட்டாருக்குக் கடைசியில் ஒரு சுவிட்ச் கிடைத்துவிட்டது. கெட்டுப்போனால் உள்ளூர்க் கார் கடையில் இன்னொன்று வாங்கி, ரோட்டோரத்திலேயே மாற்றிக்கொள்ளலாம்.

இதில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஃபேரிங்கின் கீழ்ப்பகுதியில் ஒரு துண்டை வெட்ட வேண்டும். பெல்ட் வெளியே இருப்பதால் மழை, கல், மண் எல்லாம் படும். புல்லி நேர்க்கோட்டில் இல்லையென்றால் பெல்ட்டைத் தின்றுவிடும். 40 ஆம்ப்பைத் தாங்கும் தடிமனான வயரும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸும் கட்டாயம். பழைய வயரிங் 30 ஆம்ப் ஃபியூஸை நம்பி வடிவமைக்கப்பட்டது. அதன் வழியாகவே புது மின்சாரத்தையும் அனுப்பினால் உருகுவது பிளக்கோடு நிற்காது. பழைய வண்டிகளைத் தொழிற்சாலையில் வந்தபடியே காப்பாற்ற நினைக்கிறவர்களுக்கு, முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் கார் ஆல்டர்னேட்டர் கண்ணில் குத்தும். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா அருங்காட்சியகத்துல நிக்கிற வண்டிக்கும் ஆயிரம் மைல் தாண்டி மகளைப் பார்க்கப் போற வண்டிக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாதுன்னு நான் நினைக்கிறேன்.

1988: நிறுவனமும் அதே முடிவுக்கு வந்தது

1988 மாடலாக ஜிஎல்1500 வந்தது. ஆறு சிலிண்டர், 1520 சிசி, பின்னோக்கிப் போக ரிவர்ஸ் வசதி கூட உண்டு. அதை இயக்குவது ஸ்டார்ட்டர் மோட்டார்தான். இவ்வளவு மின்பசி உள்ள வண்டிக்கு ஹோண்டா என்ன செய்தது? நிரந்தரக் காந்தத்தை விட்டது. கார்களில் இருப்பது போன்ற, மின்காந்தம் வைத்த ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. திறன் ஏறக்குறைய 550 வாட். முக்கியமான விஷயம், எஞ்சினை இறக்காமல் வெளியிலிருந்தே கழற்றி மாட்டும் இடத்தில் அதை வைத்தது. 2001இல் வந்த ஜிஎல்1800இல் திறன் 1,100 வாட். முதல் கோல்ட் விங்கோடு ஒப்பிட்டால் மூன்றரை மடங்குக்கும் மேல்.

ஓட்டுநர்களின் ஒட்டு வேலையைப் பார்த்துத்தான் ஹோண்டா கற்றுக்கொண்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்கு ஆதாரம் வேண்டும். நான் சொல்வது வேறு: ஓய்வு பெற்ற ஒரு மனிதர் தன் கார் ஷெட்டில் ஸ்பானரோடு உட்கார்ந்து எந்த முடிவுக்கு வந்தாரோ, உலகின் மிகப்பெரிய மோட்டார்சைக்கிள் நிறுவனமும் வரைபடப் பலகையில் அதே முடிவுக்குத்தான் வந்தது. ஒரே இயற்பியல் இரண்டு பேரையும் ஒரே இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தது.

வரவைக் கூட்டுவதா, செலவைக் குறைப்பதா?

கடைசியா ஒரு திருப்பம் இருக்கு. இந்தக் கதை முழுக்க வரவைக் கூட்டறதைப் பத்தியே பேசினோம். 2000களுக்குப் பிறகு எல்இடி மலிவானது. 55 வாட் ஹாலோஜன் செய்த வேலையை அதில் பாதிக்கும் குறைவான வாட்டில் எல்இடி செய்தது. மேலே போட்ட 340 வாட் கணக்கில் விளக்குகளை மட்டும் மாற்றினாலே நூறு வாட் போல மிச்சமாகும். எஞ்சினைத் தொடாமல், பெல்ட் போடாமல், பற்றாக்குறை தீர்ந்தது.

ஆனால் எல்இடி பற்றாக்குறையை மட்டும்தான் தீர்க்கும், கருகுவதைத் தீர்க்காது. ஷன்ட் ரெகுலேட்டர் இருக்கும்வரை, மிச்சப்படுத்திய நூறு வாட்டும் ஓவர்ஃப்ளோ குழாயில்தான் போகும். அதற்கு மருந்து சீரீஸ் ரெகுலேட்டர். தேவை இல்லாதபோது ஸ்டேட்டரின் இணைப்பையே துண்டித்துவிடும் வகை. இணைப்பு இல்லையென்றால் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லையென்றால் சூடு இல்லை. எல்இடியும் சீரீஸ் ரெகுலேட்டரும் சேர்ந்தால்தான் பழைய ஸ்டேட்டருக்கு உண்மையான ஓய்வு கிடைக்கும். பழைய கோல்ட் விங் வைத்திருப்பவர்களில் பலர் இப்போது இந்த ஜோடியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நம்ம ஊர்லயும் இதே விவாதம் சின்ன அளவுல நடந்துக்கிட்டுதான் இருக்கு. பழைய பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட் நேராக ஏசி மின்சாரத்தில் எரியும், சைக்கிள் டைனமோ மாதிரியே. சிக்னல்ல நின்னா மங்கும், முறுக்கினா பளிச்சிடும். அதை மெக்கானிக்குகள் டிசிக்கு மாத்திக் கொடுக்கிறாங்க. காயில் ரீவைண்டிங் கடைகளில் கூடுதல் சுற்று போட்டுத் தர்றாங்க. லடாக் போறதுக்கு முன்னாடி நாலு எல்இடி, ரெண்டு யுஎஸ்பி சார்ஜர் மாட்டுற ஒவ்வொருத்தரும், தெரிஞ்சோ தெரியாமலோ, 1970களின் அமெரிக்க ஓட்டுநர்கள் போட்ட அதே கணக்கைத்தான் போடறாங்க.

அந்தக் கணக்கைப் போட ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டி அணைந்திருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எஞ்சினை 3,000 சுற்றுக்கு உயர்த்தினால் 14 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் உற்பத்தியிலோ வழியிலோ கோளாறு. எல்லா விளக்கையும் போட்டு, அதே எண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். சும்மா ஓடும்போது 13க்குக் கீழே போய், அங்கேயே நின்றால், உங்கள் வண்டி பேட்டரியைக் கடன் வாங்கி ஓடுகிறது என்று அர்த்தம். புது ஆல்டர்னேட்டர், புது பேட்டரி எல்லாம் அப்புறம். முதலில் அளவெடுங்கள், பிறகு பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பாருங்கள். பழுப்பேறியிருந்தால் அதுதான் உங்கள் முதல் வேலை.

ஒரு வண்டிக்கு எப்போ வயசாகுது? அதை ஓட்டுகிற மனிதர்களின் வாழ்க்கை, அதை வரைந்தவர்களின் கணக்கைத் தாண்டிப் போகும்போது. ஹோண்டா 1974இல் போட்ட 300 வாட் கணக்கு அந்த வண்டிக்குச் சரி. ஆனால் அந்த வண்டியில் ஏறியவர்கள் மனைவியை, இசையை, குளிர்காலத்தை, இரவுப் பயணத்தை எல்லாம் கூடவே ஏற்றிக்கொண்டார்கள். அந்தக் கூடுதல் சுமைக்கு யாராவது கணக்கு எழுத வேண்டியிருந்தது. அவர்களே எழுதினார்கள், ஈயத்தாலும் ஒரு பெல்ட்டாலும். அதனால்தான் நாற்பது வருஷம் தாண்டிய ஜிஎல்1100களும் ஜிஎல்1200களும் இன்னைக்கும் ராத்திரி நேரத்துல ஹெட்லைட் மங்காம எங்கேயோ ஒரு நெடுஞ்சாலையில போய்க்கிட்டிருக்கு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.